லபீப் ஹன்னாவின் பதவி உயர்வுகள்

சமீஹா லபீபை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் "மரண மேடம்" என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொண்டதில்லை. அலெக்ஸாண்ட்ரியாவில் நின்றுபோன ஒரு செய்தித்தாளின் பழைய இதழ்களை ஆராய்ச்சியாளர்களுக்காக இணையத்தில் ஏற்றும் வேலை எங்களுடையது. அரசியல் பக்கங்கள் எனக்கு, மரண அறிவிப்புகள் அவளுக்கு. கடல் ஈரம் அரித்த தாள்களை மடிப்பு மடிப்பாகப் பிரித்து ஸ்கேன் செய்வாள். கணினி தப்பாகப் படித்த பெயர்களைத் திருத்துவாள். மத்தியானம் ஃபலாஃபல் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, "உன் மந்திரிங்க எல்லாம் கடைசியில என் பக்கத்துக்குத்தான் வரணும்டி" என்பாள்.

எங்கள் ஊர் மரண அறிவிப்பில் இறந்தவரைவிட உயிரோடிருப்பவர்களுக்கே இடம் அதிகம். யாருக்குக் கணவர், யாருக்கு மைத்துனர், அந்த மைத்துனர் எங்கே என்ன பதவியில் இருக்கிறார், எல்லாம் வீட்டார் எழுதிக்கொடுத்தபடியே வந்துவிடும். உறவில் முன்பே போய்விட்டவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கும்.

காப்பகத்தைத் தொடங்கிய புதிதில் ஆராய்ச்சியாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரே ஆளின் பெயர் பல வருட இதழ்களில் சிதறிக் கிடக்கிறது, கோத்துத் தர முடியாதா என்று. எங்கள் மேலாளர் ஹாஸிம் புதிய வசதி ஒன்றைச் செய்ய வைத்தார். பெயரைத் தட்டினால், அந்த ஆள் வரும் அறிவிப்புகள் எல்லாம் வருட வரிசையில் வந்து நிற்கும்.

"சோதிச்சுப் பாக்க நல்லாத் தெரிஞ்ச குடும்பமா ஒண்ணு வேணும் மேடம்."

"என் குடும்பத்தையே போடுங்க. எங்க வீட்டுல சாவுக்குப் பஞ்சமில்ல."

அவள் அப்பா லபீப் ஹன்னா, இவளுக்குப் பால்பல் விழுகிற வயதில் மின்வேலைக்காக இராக்குக்குப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. மகள் கல்யாணத்தின்போது அவள் அம்மா இன்ஸாஃப், "அவருக்கு லீவு கெடைக்கல" என்று வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னாராம். சமீஹாவுக்கு இருந்தது ஒரே ஆசை. தேவாலயத்தில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது அப்பாவின் பெயரையும் சொல்லவைக்க வேண்டும். ஆனால் அம்மாவின் சம்மதம் இல்லாமல் பாதிரியார் சேர்க்க மாட்டார். "உசுரோட இருக்கறவருக்கு அந்த ஜெபத்தச் சொன்னா, அதுவே ஆள முடிச்சிடும்" என்று அம்மா பயந்தார்.

சமீஹா அப்பாவின் பெயரைத் தட்டினாள். ஹாஸிமும் நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றோம்.

மாமா இறந்தபோது அப்பா 'பாக்தாத், மின்பணியாளர்'. அதுவரை சரி. அத்தை இறந்தபோது 'அம்மான் நகரம், மின்பொறியாளர்'. பெரியப்பா இறந்தபோது 'கனடா, பொது மேலாளர்'. செய்தித்தாள் நிற்பதற்குச் சற்று முன்னால், சித்தியின் அறிவிப்பில் வந்திருந்தது: 'கனடாவிலுள்ள லபீப் ஹன்னா, அவருடைய பிள்ளைகள் சமீஹா, ரம்சி'.

"உங்கப்பா நல்லா முன்னுக்கு வந்துட்டாரே மேடம்" என்று சிரித்த ஹாஸிம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ரம்சி யாருடி?" என்றேன்.

"தெரியல. நான் ஒத்தப் பிள்ளை."

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா முலூக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாவ அம்மானுக்கு அனுப்பினது யாரு?"

"நான்தான். குண்டு விழற ஊர்ல எத்தன நாளைக்கு வச்சிருக்கறது?"

"பொது மேலாளர் ஆக்கினது?"

"அது உன் பெரியப்பா மகன் ஆதில் வேல. என் கௌரவத்துக்காகப் போட்டானாம். நல்லாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன்."

"ரம்சி?"

அம்மா கை நின்றது. "வயசான காலத்துல, பனி ஊர்ல, அந்த மனுஷன் தனியாவா கெடக்கணும்? ஒரு வாய்த் தண்ணி மொண்டு குடுக்க ஆள் வேணாமா?"

"அவனப் பெத்தவ யாரும்மா?"

"அத நான் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அறையில் சிரிக்க முடியவில்லை. அம்மா கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "போதும்டி. நீயும் எத்தன வருஷமாக் கேக்கற. அறிவிப்புக் குடுத்துடு. ஜெபத்துலயும் சேத்துக்க. இப்பத்தான் பக்கத்துல மகன் இருக்கானே, அனாதையாப் போகமாட்டாரு."

சமீஹா அங்கேயே உட்கார்ந்து தொலைபேசியில் எழுதினாள். ஊரில் இப்போது வரும் ஒரு செய்தித்தாளுக்கு அனுப்புவதற்கு. அம்மா படித்துக் காட்டச் சொன்னார். காலஞ்சென்ற லபீப் ஹன்னா, இன்ஸாஃபின் கணவர், சமீஹாவின் தந்தை.

"தம்பிய விட்டுட்டியே."

"இல்லாதவன எப்படிம்மா போடறது?"

"அவன் இல்லன்னா உங்கப்பா இன்னும் சாகல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சமீஹா என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன். அவள் ரம்சியைச் சேர்த்தாள். பெயருக்குப் பின்னால் கனடா என்றும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் மற்றப் பெயர்களோடு லபீப் ஹன்னா என்றும் சொன்னார். பக்கத்தில் சமீஹா பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாத காபி ஊற்றினோம். அம்மா கறுப்பு உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தந்தா என்ற ஊரிலிருந்து ஆதில் வந்தார். குடித்த கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமீஹாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து ரம்சி போன் பண்ணான்மா. பாவம், தேம்பித் தேம்பி அழுதான். டிக்கெட் கெடைக்கலையாம்."

"எந்த ரம்சி அண்ணே?"

"துக்கத்துல என்ன பேசறன்னு தெரியாமப் பேசற. உன் தம்பிதான். குரல் அப்படியே சித்தப்பா குரல். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

பொது மேலாளர் பதவி மாதிரி இதுவும் கௌரவத்துக்கு வந்ததுதான் என்று நினைத்தேன். ஆனால் ஆதிலின் கண் சிவந்திருந்தது.

அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இவ நம்பரக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"குடுத்துட்டேன் சித்தி."

துக்க வீடு என்பதால் எல்லோரும் தொலைபேசிகளை அடக்கி வைத்திருந்தார்கள். சமீஹா தன் கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.