கையில் கட்டிய வீடு

"வீட்டையே கையில கட்டியிருக்கேன், வந்து பாருங்க!"

போன வெள்ளிக்கிழமை காலையில் காதர் பாய் போனில் கூப்பிட்டார். உத்தமபாளையத்துக்காரர், சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மதியம் ஜும்மா தொழுகை முடிந்ததும் பிரியாணி என்றார். பிரியாணி என்றால் நான் எதைத்தான் பார்க்க மாட்டேன்?

விஷயம் இதுதான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகன் ரியாஸ், அப்பாவுக்கு ஒரு பட்டை செய்து கொடுத்திருக்கிறான். வாட்ச் மாதிரி கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர். தட்டினால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், கதவு திறக்கும். எங்கே போனாலும் செல்போன் வழியாக வீட்டோடு பேசிக்கொண்டே இருக்கும். கழற்றினால் வீடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தானே பூட்டிக்கொள்ளும். சுவரில் சுவிட்ச் எதற்கு என்று அதையும் பிடுங்கியாகிவிட்டது. அன்று காலையில்தான் எல்லாம் மாட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான்.

பிரியாணி ஆசையில் கொஞ்சம் முன்னதாகவே நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாயின் மனைவி ஜெய்துன் அக்கா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே புகை.

"தம்பி, தம்முக்குக் கரி போட்டேன். திடீர்னு லைட்டு போச்சு, புகை இழுக்குற ஃபேன் நின்னுபோச்சு, ரெண்டு கதவும் பூட்டிக்கிருச்சு. பக்கத்து வீட்ல டிவி ஓடுது!"

"பாய் எங்கக்கா?"

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழுகைக்கு முன் ஒளு செய்ய வேண்டாமா? முழங்கை வரை கழுவ, பாய் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருப்பார். ஓடிப்போய்க் கூப்பிடலாமென்றால் தொழுகை ஆரம்பித்துவிட்டது. ஐந்து வேளையும் ஒளு செய்கிற வீட்டுப் பிள்ளை... கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது மட்டும் மறந்துபோயிற்று!

"கரியில தண்ணிய ஊத்துங்கக்கா!"

"ஊத்திட்டேன். இந்தா, உங்க மருமகன்ட்ட கேளுங்க" என்று செல்போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். ஸ்பீக்கரில் ரியாஸ்.

"சிஸ்டம் கரெக்டாத்தாம்மா வேலை செய்யுது. அத்தா கையில பட்டை இல்லைன்னா, வீட்டுல யாருமே இல்லைன்னு அது எடுத்துக்கும். இங்கேருந்து என்னாலயும் திறக்க முடியாது."

"நான் இங்கன நிக்கேன்லடா?"

"அது... அதுக்குத் தெரியாதும்மா."

அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம்! "அப்படியே உங்கத்தாவ உரிச்சு வச்சிருக்குடா உன் மெஷினு. முப்பது வருசமா அவுகளுக்கும் தெரியல!"

அரை மணி கழித்து பாய் வந்தார். பட்டையைக் கட்டினார், தட்டினார், கதவு திறந்தது. "பாத்தீகளா? ஒரே தட்டு!" என்று என்னிடம்தான் பெருமையடித்தார். புகையிலிருந்து வெளியே வந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா செருப்பை மாட்டினார். "எலக்ட்ரீசியனக் கூட்டியாரப் போறேன். சுவத்துக்கு சுவிட்சு வந்தப்பறம்தான் அடுப்புல சோறு."

பதறிப்போன பாய் பட்டையைத் தட்டினார். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது... அக்கா மட்டும் திரும்பவில்லை!