நூற்றொன்றுக்கு நூற்றுமூன்று

கல் பதிக்கும் அந்தப் பெண்ணுக்கு வேலையிடத்தில் 'கணக்கு' என்றே பெயர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண்கள் மேலிருந்த கிறுக்கு நிற்கவில்லை. பஸ் டிக்கெட் கைக்கு வந்தால் போதும், இறங்குவதற்குள் அதிலுள்ள எண் எதிலெல்லாம் வகுபடும் என்று பார்த்துவிடுவாள். கூடவே கல் பதிக்கும் நாத்தனார், எங்க அண்ணனைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி அவர் பிறந்த தேதியையும் வகுத்துப் பார்த்தவள் இவள் என்று கேலி செய்வாள். கணக்கு அதை மறுத்ததேயில்லை.

அந்த வருஷம் ஆஸ்பத்திரி முற்றத்தில் வேலை. பழைய கட்டடத்தை இடித்தபோது பெயர்த்த சதுரக் கற்களையே மறுபடி பதிக்க வேண்டும். அந்தக் கல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வரிசைக்கு நூற்றிரண்டு, அப்படி நூற்றிரண்டு வரிசை என்று இன்ஜினியர் படம் போட்டிருந்தார். மொத்தம் பத்தாயிரத்து நானூற்று நான்கு. லாரியிலிருந்து இறக்கும்போது ஒன்று கை நழுவிச் சுக்குநூறானது.

இன்ஜினியருக்கு முகம் தொங்கிப்போனது. கடைசி மூலையில் பல் போன மாதிரி ஓட்டை விழும். சிமென்ட் பூசி ஒப்பேற்ற ஆஸ்பத்திரி நிர்வாகம் சம்மதிக்கவில்லை. சதுரத்தைச் சுருக்கினால் இருநூற்றிரண்டு கல் வீண். உடைந்தது போக உள்ள பத்தாயிரத்து நானூற்று மூன்று கல்லையும் வேறு நீள அகலத்தில் அடுக்க முடியுமா என்று செல்போனை எடுத்து மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனார். எழுபதைத் தாண்டியதும் அலுத்துவிட்டது. இது எதிலும் வகுபடாத எண் என்று சொல்லிவிட்டார்.

கணக்கு கரணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வகுபடும் சார். நூத்தியொண்ணுல போகும்."

அவர் தட்டிப் பார்த்தார். மீதியில்லாமல் நூற்றுமூன்று வந்தது.

"எப்படிம்மா மனசுலயே போட்ட?"

"வகுக்கவே இல்ல சார். ஒரு கல் குறையுறது கடைசி வரிசையிலதானே? அதுல மிச்சம் நூத்தியொண்ணு. அந்த வரிசையை எடுத்துட்டா மேல இருக்கறதும் நூத்தியொரு வரிசைதான். எடுத்ததை வரிசைக்கு ஒண்ணா ஓரத்துல சேர்த்துட்டா கச்சிதமா முடிஞ்சிடும்."

வேறு அளவில் அடுக்க வழியுண்டா என்று அவர் கேட்டார். நூற்றொன்றும் சரி, நூற்றுமூன்றும் சரி, அதற்கு மேல் பிரியாத எண்கள். நீளமாக ஒரே வரிசை போட்டால்தான் உண்டு என்றாள். ஓரத்தில் கூடும் ஒரு கல் அகலத்துக்குச் சுவரோரம் ஜல்லி கொட்ட விட்டிருந்த இடம் தாராளமாகப் போதும் என்று அவளே அளந்தும் காட்டினாள்.

பதினோரு நாளில் வேலை முடிந்தது. மூலை நான்கும் நிறைந்திருந்தன. அதற்கடுத்த வாரம் இன்ஜினியர் வராந்தாவுக்கான படத்தோடு அவளைத் தேடி வந்து, இந்த ஐயாயிரத்து நாற்பது கல்லையும் ஒரு பார்வை பார்த்துச் சொல் என்றார்.

அவள் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எதுல வேணா போகும் சார். தைரியமா கையெழுத்துப் போடுங்க."