மீன்காரியின் சண்டையை அப்பா வாசித்த அன்று

ஏழாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் துணைப்பாடத்துக்கு ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்தார். கடற்கரைச் சந்தையில் சாளை மீன் விற்கிறவளும் வாங்க வந்தவளும் போடும் சண்டைதான் கதை. இருவரும் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சையே பேசுவார்கள். நம் வீட்டு வசவு புத்தகத்தில் அச்சாகிக் கிடந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆண்டுவிழாவில் மீன்காரியாக வாசிக்க டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலோ தீப்பிடித்துக்கொண்டது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தது இதற்குத்தானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கருங்கல் என்ற ஊரில் இருந்த எங்கள் பள்ளியில், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கூட்டம் கூடியது. கதையை நீக்கச் சொல்லிப் பேச அவர்கள் பிடித்துவிட்ட ஆள், கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த என் அப்பா! போச்சு, என் மீன்காரி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா டிவியில் செய்தி வாசிப்பவரின் தமிழில் ஒத்திகை பார்த்திருந்தார். "மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே" வரைக்கும் நன்றாகத்தான் போனது. கோபம் வந்ததும் எல்லாம் கழன்றுகொண்டது.

"பீஸு கெட்டி பிள்ளையள அனுப்புகது இந்தப் பேச்சப் படிக்கவா டீச்சரே? இது வீட்டுலயே சும்மா கிட்டுமே!"

அதை அவர் எந்தப் பேச்சில் சொன்னார் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. டீச்சர் மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ஒரு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று புத்தகத்தை நீட்டினார்.

முதல் சில வரிகளைப் சர்ச்சில் பூசை வாசகம் வாசிப்பதுபோல விறைப்பாக வாசித்தார். மீன்காரி வாயைத் திறந்ததும் அப்பாவின் இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. குரல் ஏறியது. அவள் திட்டத் திட்டக் கூடத்தில் ஒரே சிரிப்பு. பக்கம் முடிந்து நிறுத்தினால், குழுவில் முதலில் தீ வைத்த மனிதரே, "மிச்சத்தையும் வாசியும் ஓய்!" என்று கத்தினார். அப்பா கடைசிவரை வாசித்தார். அதற்குப் பிறகு கதையை நீக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! எனக்க அப்பாவாக்கும், எனக்க அப்பாவாக்கும் என்று நான் சொல்லிச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவளுக்கு அலுத்தே போய்விட்டது.

பைக்கில் திரும்பும்போது, இவ்வளவு நன்றாக வாசிக்கிற நீங்கள் எதற்கு வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"அங்க ரூமுல நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாவ மக்கா. ஒனக்கு அது வரண்டாம்" என்றார்.

சிரித்தவர்கள் அரபிக்காரர்கள் என்றே நினைத்தேன். அவர்களுக்கு நம் தமிழைப் பற்றி என்ன தெரியும், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஆறுதல்கூடச் சொன்னேன். அப்பா வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டார். சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு வரிசையில் நின்று இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாய் திறந்ததும் முன்னும் பின்னும் நின்றவர்கள் சிரித்தபோதுதான், அந்த ரூமில் சிரித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்தது.