கரைப் பக்கம் மூச்சு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கைவீச்சு எண்ணியது. நாகர்கோவில் பக்கம், கொட்டாரத்துக்கு அருகில் எங்கள் ஊர்க் குளம். ஒரே கரையில் இரண்டு படித்துறைகள். இடையே நாற்பது மீட்டர், நாடா பிடித்து அளந்தேன். அம்மா நீந்தினாள். நான் கரையோடு நடந்து எண்ணினேன்.

அம்மா பெயர் பூங்கனி. முப்பத்தோரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியர். ஓய்வுக்குப் பிறகு மூட்டுவலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னார். மூட்டு தேறியது, வலது தோள் கெட்டது.

"இந்த மாசமும் வலிச்சுதுன்னா நிறுத்திப்போடுவேன் மக்கா. பிறவு நடக்கவும் வேண்டாம், நீந்தவும் வேண்டாம். கட்டில்ல கெடக்கேன்."

நான் கருவிப் பொறியாளர். அளக்காமல் எதையும் திருத்தத் தெரியாது. விடுப்பில் வந்தவள் அவளுடைய ஃப்ரீஸ்டைலைப் போனில் படம் பிடித்தேன். மூச்செடுக்கும்போதெல்லாம் தலை முழுக்க வெளியே வந்தது. தலை ஏறினால் கால் தாழும். தலையைத் தாங்கக் கை தண்ணீரைக் கீழே அமுக்கும். தோள்வலி அங்கிருந்துதான்.

இன்னொன்றும் தெரிந்தது. போகும்போது இடப்பக்கம் மூச்சு, திரும்பும்போது வலப்பக்கம். பலருக்கு அது பழகவே மாதக்கணக்காகும்.

"ரெண்டு பக்கமும் மூச்செடுக்க யாரு சொல்லித்தந்தா?"

"பக்கமெல்லாம் யாரு பாத்தா? நான் கரையைப் பாக்கேன்."

"கரையில என்ன இருக்கு?"

"நீதான் இருந்த, மூணு வயசுல. கண்ணெடுத்தா தண்ணியில எறங்கிருவ, சவம்."

முப்பது வருடமாகக் கரையில் யாரும் இல்லை. அவள் கழுத்துக்கு அது தெரியவில்லை.

தலையைத் தூக்காதே என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. "கன்னத்தைத் தண்ணியில சாய்ச்சு வை. ஒரு கண்ணு உள்ள, ஒரு கண்ணு வெளிய. என்னைப் பாக்க ஒரு கண்ணு போதும்" என்றேன். அது பலித்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜாஸ்மி சிரித்தாள். "யக்கா, லைசென்சுக்கு எட்டு போடச் சொல்லாம விட்டாளே உங்க மவ."

"ஏட்டி, இடுப்புத் தண்ணியில நின்னு பேசாதே. நீயும் வா."

"கண்ணாடியைக் கழட்டினா, பிள்ள படியில இருக்காளா எறங்கிட்டாளான்னு எனக்குத் தெரியாதுக்கா."

அவளுடைய நாலு வயது மகள் மேல்படியில் உட்கார்ந்து சோப்புப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தக் குழந்தையையே பார்த்தாள்.

வீச்சு குறையக் குறையத் தோளுக்குச் சுமை குறையும். முதல் நாள் ஐம்பத்தெட்டு வீச்சு. பத்தாம் நாள் ஞாயிறு, ஆலயம் முடிந்து வந்து நீந்தினாள். நாற்பத்தொன்று. கரையேறி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டையை அவளே முடிந்தாள். நான்கு மாதமாக அது முடியாமல் இருந்தது.

"அடுத்த லீவுக்கு வா. நாப்பதுல முடிக்கேன்."

திங்களன்று பெங்களூரு திரும்பினேன். வியாழக்கிழமை, சமையலறையில், அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. வயது அறுபத்தொன்று.

அவள் போய் ஒரு வாரம் கழித்து, நேற்று, அவள் கைப்பையைத் திறந்தேன். கண்ணாடிக் கடைச் சீட்டு ஒன்று, ஜாஸ்மி பெயரில். அம்மா இறப்பதற்கு முந்தின நாள் ஜாஸ்மியைக் கூட்டிப்போய்க் கண் சோதிக்க வைத்திருக்கிறாள். வலது மைனஸ் மூன்று, இடது மைனஸ் இரண்டரை. அடியில் அம்மாவின் கையெழுத்து: "பவர் வைத்த நீச்சல் கண்ணாடி. நாகர்கோவிலில் கேட்கணும். சனிக்கிழமை."

இன்று வெள்ளி. எனக்கு இன்னும் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது.