ஓதீல் என்று ஒரு பெயர்

மரியநாயகிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சூட்டிலேயே போய்விட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் மூன்றாவது வலி கண்டபோது, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவந்து, லாரியில் ஏற்றி, ஹட்டன் பக்கத்துக் கன்னியர் மடத்து மருந்துச்சாலையில் சேர்த்தார்கள். பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்திருந்த சிஸ்டர் ஒருத்தி பக்கத்தை விட்டு நகராமல் இருந்து தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். அந்த நன்றிக்கு அவள் பெயரையே மகளுக்கு வைத்தாள் மரியநாயகி. ஓதீல்.

"ஓ-வை நீட்டு. தீ-யையும் நீட்டு. கடைசி 'ல்'லைச் சும்மா தொட்டு விட்டுவிடு," என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தாள். எழுத்துத் தெரியாத மரியநாயகி அதைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை. புருஷன் சூசைரட்ணம் 'ஓதிலு' என்றான். கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு 'ஓடைல்' என்று வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. "ஓடு, ஓடு" என்று அவளைத் துரத்தினார்கள்.

மரியநாயகி எல்லோருக்கும் திருத்திச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், மழையில், கூடை முதுகை அறுக்கும்போதும் சொன்னாள். "ஓதீலுங்க, ஓதீல்." போகப் போக அலுத்துப்போய்ப் பாதி நாள் விட்டுவிட்டாள். விட்ட நாளெல்லாம் சிஸ்டருக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் நெஞ்சு கனத்தது.

அறுபத்து மூன்றில் மகளைத் தோட்ட வேலைக்குப் பதியும் வயது வந்தது. பெயர் பதிவதற்கு முந்தின சனிக்கிழமை அடுப்படியில் மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில இந்தப் பேரக் கூப்புட்டா எல்லாரும் சிரிப்பாங்கம்மா. ரோசம்மான்னு குடுப்போம்."

"அது ஒன்னயப் பொழைக்க வச்சவுங்க பேருடி."

"ஒனக்கு மட்டுந்தானே அது வாயில வருது?"

 மறுநாள் மரியநாயகி பஸ் ஏறி மடத்துக்குப் போனாள். சிஸ்டர் நன்றாகத் தளர்ந்துபோயிருந்தாள். மூட்டு வீங்கி, நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மரியநாயகி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சுக்கங்க சிஸ்டரம்மா," என்றாள்.

சிஸ்டர் சொன்னாள்:

"ஓதீல் என்பது மடத்தில் எனக்கு வைத்த பெயர். வீட்டில் நான் கிலேன். எழுதும்போது நடுவில் ஒரு 'ஸ்' வரும். வாயால் சொல்லும்போது அது வராது என்பார் அப்பா. எங்கள் ஊரிலேயே பாதிப்பேர் 'கிஸ்லேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா எல்லோரையும் திருத்துவார். பாவம், களைத்துப்போவார்."

"அப்புறங்க?"

"அப்புறம் விட்டுவிட்டார். எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்தேன்."

மரியநாயகிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால்களை நீட்டி அந்தத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்துக் களைப்பும் அப்போதுதான் காலுக்கு இறங்கியது போலிருந்தது.

திங்கட்கிழமை பெரட்டில் முத்துலிங்கம் பெயர் கேட்டபோது மகளையே சொல்ல விட்டாள்.

"ரோசம்மாங்க."

அவர் மறுபடி கேட்காமல் எழுதிக்கொண்டார். இருவரும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். பாதி வழியில் மகள் நின்றாள்.

"வீட்டுல மட்டும் நீ பழையபடியே கூப்புடும்மா."

மரியநாயகிக்கு மூச்சு வாங்கியது. "பாப்போம், நட," என்றாள்.