தக்க காரணம்

ஒதுக்கீடு பெற்றவர், ஆணை கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டும். தவறினால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும். தக்க காரணம் இருப்பதாக அலுவலகம் கருதினால், காலக்கெடுவை ஒருமுறை நீட்டிக்கலாம். திருமழிசைப் பக்கம் ஒரு தொழிற்கூட வளாகத்தில் என் மருமகளுக்கு ஷெட் கிடைத்தபோது, ஆணையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒன்பதாவது நிபந்தனை இது. வீட்டில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். முப்பத்து நான்கு வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பின்பக்கத்தை முதலில் படிப்பது எங்கள் இனத்தின் குணம்.

மருமகள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தவள். ரப்பர் வாஷர்களை அளந்து அளந்து, மோசமானவற்றை ஒதுக்கி ஒதுக்கி, இதைவிட ஒழுங்காக நானே செய்வேன் என்று வேலையை விட்டாள். இரண்டு வருடம் காத்திருந்து ஷெட் வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

"இதை விட்டா மறுபடி வரிசையில எங்க நிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றாள்.

தெரியும். கடைசியில்.

இயந்திரம் வந்தது. ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தும் பிரஸ். அதைக் காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறக்கிய வாரமே, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரஸ் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இவள் அயனம்பாக்கத்தில் எங்கள் பிளாட்டில், மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள். பிப்ரவரியில் பெண் குழந்தை, அறுவை சிகிச்சை. காலக்கெடு மார்ச் கடைசி. என் மகனுக்கு ஓசூரில் வேலை; சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். மனைவி காலமாகி ஆறு வருடம். ஆக, வீட்டில் இருந்தது நாங்கள் மூவர். அதில் மனு எழுதத் தெரிந்தவன் ஒருவன்.

நீட்டிப்பு கேட்டு அவள் எழுதியிருந்தது ஒரே வரி: எனக்குக் குழந்தை பிறந்ததால் தொடங்க முடியவில்லை. நான் அதை அடித்தேன். குழந்தை பிறக்கப்போவது ஆணை வந்தபோதே தெரியுமே, ஏன் ஷெட்டை ஏற்றுக்கொண்டாய் என்று எவனாவது குறிப்பு எழுதுவான் என்றேன். நானாக இருந்தால் எழுதியிருப்பேன். வெள்ளம், தீ, மின் இணைப்புத் தாமதம், உடல்நலக் குறைவு: அலுவலகங்கள் தக்க காரணமென்று ஏற்றுப் பழகியவை இவை. பிரசவம் அதில் இல்லை. என் பணிக்காலத்தில் மகப்பேறு விடுப்பு கேட்டு வந்த ஒரு மனுவைக்கூட நான் நிறுத்தியதில்லை. அதற்கு விதி இருந்தது. சம்பளம் வாங்குகிறவள் பெற்றால் அது விடுப்பு. தொழில் நடத்துகிறவள் பெற்றால் அது தாமதம். அதனால் "கடுமையான உடல்நலக் குறைவு காரணமாக" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று தலைப்புகள் எல்லாம் முறைப்படி. குழந்தையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டாள். என்னை நம்பினாள் என்பதுதான் இதில் சங்கடமான விஷயம்.

ஏப்ரல் நடுவில் பதில் வந்தது. நோயின் தன்மையையும் காலத்தையும் குறிப்பிடும் மருத்துவச் சான்று தேவை. மேலும், தொழிற்கூடத்தை நடத்தும் உடல்தகுதி ஒதுக்கீடு பெற்றவருக்கு உள்ளதா என்பதையும் தெரிவிக்கவும்.

இரண்டாவது வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். நோயாளி என்று நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோயாளிக்கு ஷெட் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். முறையான கேள்வி. ஷெட் போனால் பிரஸைப் பெயர்த்துக் கொண்டுபோக இடம் கிடையாது. மாதிரி கேட்டிருந்த பூந்தமல்லி கம்பெனி இன்னொருவரிடம் போய்விடும்.

டாக்டரிடம் போனோம். அழுத்தம் பிரசவத்தோடு இறங்கிவிட்டது; பிரசவம் நோய் இல்லை, பிரசவம் என்றுதான் எழுதித் தருவேன் என்றார் அந்த அம்மாள். அப்படி எழுதினால் மனு பொய்யாகும். எழுதாவிட்டால் மனு நிற்காது. வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தொட்டிலில் போட்ட பிறகு மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் எழுதுனதையே குடுத்திருக்கலாம் மாமா."

மனுவின் நகலை மடித்துக் கோப்பின் அடியில் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ஷெட்டுக்குக் கிளம்பினாள். வயிற்றுத் தையல் ஆறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. போவதற்கு முன் பாலைப் பீய்ச்சி, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைப்பாள். நான் ஒவ்வொன்றிலும் தேதியும் வரிசை எண்ணும் எழுதி, முதலில் வந்ததை முதலில் எடுத்துக் கொடுப்பேன். செய்த தவறுக்கு என்னால் முடிந்த பிராயச்சித்தம் அது. அவள் மத்தியானம் போன் செய்து இரண்டே கேள்வி கேட்பாள்: குடித்தாளா, தபால் வந்ததா.

மே மாதம் தபால் வந்தது. சான்று வராததால் அலுவலர் நேரில் பார்வையிட வருகிறார். அன்று உற்பத்தி நடப்பது உறுதிசெய்யப்படாவிட்டால் ரத்து நடவடிக்கை தொடரும். சரியாக அதற்கு முந்தைய நாள் குழந்தைக்குத் தடுப்பூசி. காய்ச்சல் லேசாக இருந்தது, பீய்ச்சி வைத்த பாலைத் தொடவில்லை, அம்மாவே வேண்டும். அதனால் மூவருமாக ஷெட்டுக்குப் போனோம்.

தகரக் கூரை, அக்னி நட்சத்திரம். பிரஸ் ஓட்ட அவள் அமர்த்தியிருந்த அம்மாள் பக்கத்து ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும்; வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். நான் குழந்தையோடு நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கொயந்தய ஃபைலு கணக்கா புட்சிகினு கீறீங்க" என்றாள். அன்று சிரித்தது அவள் ஒருத்திதான்.

அலுவலர் பதினொன்றரைக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் எங்கள் கோப்பு. ரப்பர் துண்டுகளை அச்சில் அடுக்கி, பிரஸை மூடி, அழுத்தத்தைச் சரிபார்த்து, மருமகள் டைமரைத் திருப்பினாள். எட்டு நிமிடம். கூடினால் கருகும், குறைந்தால் வேகாது. முதல் நிமிடத்திலேயே குழந்தை வீறிட்டது. பாட்டிலை நீட்டினேன், தட்டிவிட்டாள். தோளில் போட்டுத் தட்டினேன். அலறல் தகரத்தில் மோதித் திரும்பியது.

மருமகள் பிரஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, ரப்பர் சுருளின் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றேன். அலுவலரும் எழுந்து நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இருவருமாக வெளியே ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டைமர்ல எவ்ளோக்கா?" முதுகைக் காட்டியபடியே மருமகள் கேட்டாள்.

"ரெண்டு கீதும்மா."

"முப்பது செகண்ட் இருக்கும்போது சொல்லுங்க."

சொன்னாள். வால்வை எவ்வளவு திருப்ப வேண்டும், எந்தப் பக்கம், எப்போது நிறுத்த வேண்டும் என்று மருமகள் சுவரைப் பார்த்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரஸ் மூச்சுவிட்டுத் திறந்தது. இருபத்து நான்கு வாஷர்கள். அலுவலர் போய் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"உடல்நலக் குறைவுன்னு இருக்கே. உங்களுக்கு என்னம்மா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல மேடம். குழந்தை பிறந்தது."

"அப்ப இந்த ரெண்டு பக்கம்?"

"நான் எழுதியது" என்றேன்.

எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னேன். "தெரியுது" என்றார்.

பிறகு மருமகளிடம், நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதிக் கொடுங்கள், அறிக்கையோடு சேர்த்து அனுப்புகிறேன், முடிவு என் கையில் இல்லை என்றார். தூங்கிவிட்ட குழந்தையை இடது கையில் ஏந்தியபடி ஒரு தாளில் நான்கு வரி எழுதினாள். பொருள் இல்லை, பார்வை இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். பிரஸ்கார அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பினாள், ஷெட்டில் வேறு பூட்டு தொங்குமோ என்ற நினைப்போடு. பூந்தமல்லிக்கு மாதிரி போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. குழந்தை குப்புற விழக் கற்றுக்கொண்டதை நான்தான் முதலில் பார்த்தேன். மத்தியான போனில் சொன்னபோது எந்தப் பக்கம் திரும்பினாள் என்று கேட்டாள். பிறகு, "தபால் வந்துச்சா?" என்றாள்.

வந்த அன்று உறையை நான் பிரிக்கவில்லை, பெயர் அவளுடையது. மாலை அவள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். காலக்கெடு ஜூன் முப்பது வரை நீட்டிக்கப்படுகிறது. உற்பத்தி மே மாதத்தில் தொடங்கியது நேரில் உறுதிசெய்யப்பட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. காரணம் என்ற இடத்தில் மகப்பேறு. பார்வையில் இரண்டே: அலுவலரின் அறிக்கை, மருமகளின் நான்கு வரி. என் இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவும் ஏற்கெனவே முடிந்திருந்தது. பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து, இடது மூலையில், பெறப்பட்ட நாள் என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன்: ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை.