காருக்குக் காத்துப் புடிச்ச கதை

கையில டீசல் வாசம்... எவ்வளவு சவுக்காரம் போட்டுத் தேய்ச்சாலும் போகல. அடுத்த நாள் கண்டி டவுன்ல நான் வேலை செஞ்ச புடவைக்கடையில பில் எழுதும்போதும் மணந்துச்சு. பக்கத்துல இருந்த புள்ள மூக்கச் சுளிச்சிக்கிட்டு, "ஏன்க்கா, நேத்து பஸ் டிப்போவுலயா வேலை?"ன்னு கேட்டா.

எல்லாம் எங்க அண்ணன் காரால வந்த வினை.

பழைய இங்கிலாந்து கார் அது. வாங்கின கையோட அதோட பெட்ரோல் எஞ்சினக் கழட்டிப் போட்டுட்டு, ஜப்பான்ல இருந்து வந்த பழைய டீசல் எஞ்சின மாட்டிட்டாரு. அந்தக் காலத்துல எங்க பக்கம் பல பேரு அப்படித்தான் செஞ்சாங்க. எஞ்சின் மாறிச்சே தவிர, டேங்க்ல இருந்து டீசல் வர்ற ரப்பர் டியூப்பெல்லாம் அதே பழசுதான். அத மாத்தணும்னு யாருக்கும் தோணல.

கட்டுகஸ்தோட்டையில எங்க வீட்டச் சுத்தி ஓட்டினா ஒரு குறையும் இல்ல. மலை ஏறினா நின்னுரும்.

அது நிக்கிறதுக்குப் பாத்து வச்ச நாளப் பாருங்க... அண்ணனுக்குப் பொண்ணு பாக்க புசல்லாவைக்குப் போற நாள். கம்பளை தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் ரெண்டு இருமல் இருமிச்சு, நின்னுச்சு. அண்ணன் எறங்கி, பானெட்டத் தூக்கி, டீசல இழுத்து விடுற கைப்பம்ப அமுக்கி, ஸ்டார்ட் பண்ணுவாரு. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப அதே கூத்து. அம்மா பட்டுச்சேலையோட ரோட்டோரத்துல நிக்கிறாங்க... போற பஸ்ல இருக்கிறவங்கெல்லாம் எட்டிப் பாக்குறாங்க...

போய்ச் சேர்றப்ப வடை ஆறிப்போயிருச்சு. பொண்ணு வசந்தி குனிஞ்ச தலை நிமிராம டீயக் கொடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அண்ணன் பாத்தது அவங்க தலை வகிட்ட மட்டுந்தான். ஆனா உள்ள இருந்து, "டீ ஆறிருக்கும்மா, வேற போடவா?"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. அந்தக் குரலுக்கே மனுசன் விழுந்துட்டாரு.

ஏன் லேட்டுன்னு பொண்ணோட அம்மா கேட்டாங்க. அண்ணன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒண்ணுமில்லீங்கம்மா... காருக்குக் காத்துப் புடிச்சிருச்சு. ஏத்தத்துல நின்னுருது."

டீசல் லைனுக்குள்ள காத்துப் பூந்தா மெக்கானிக்மாருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது ஒரே காத்துதான்... காத்து கருப்பு. அவங்க முகம் வெளுத்துப் போச்சு.

"கார் பழசா தம்பி?"

"கார் பழசுதான். எஞ்சின் மட்டும் ஜப்பான்ல உடைச்ச வண்டியோடது."

முடிஞ்சிது கதை. சம்பந்தம் கொண்டுவந்த சித்தப்பா அடுத்த வாரம் தலையில கைய வச்சிக்கிட்டு வந்தாரு. "ஜப்பான்ல அடிபட்டுச் செத்தவன் அந்த எஞ்சின்லயே ஒக்காந்திருக்கானாம். அவன்தான் மலையேற விடமாட்டேங்கிறானாம். அந்த வண்டியில எம்புள்ள ஏற வேணாம், வேற எடம் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்கப்பா."

நாங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். அண்ணன் சிரிக்கல. அன்னைக்குச் சோறும் எறங்கல. கடைசியில, "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க சித்தப்பா. காத்த எடுத்துட்டு வர்றேன்"னாரு.

அக்குறணைக்குப் போய் டியூப் வாங்கினோம். அண்ணன் கார் பேரச் சொல்ல, கடைக்கார முஸ்லிம் நானாவும் பெட்ரோல் காருக்குப் போடுற டியூப்ப வெட்டிக் கொடுத்துட்டாரு. நாங்க காரை ஸ்டார்ட் பண்ணினதும் சத்தத்தக் கேட்டு வெளிய ஓடி வந்தாரு. "என்ன தம்பி இது, உடம்பு இங்கிலீசுக்காரன், வகுறு ஜப்பான்காரன். நீங்க ஆருக்கு டியூப் கேட்டீங்க?" சிரிச்சிக்கிட்டே டீசல் டியூப்பா மாத்திக் கொடுத்தாரு.

வீட்டு முத்தத்துல சாக்க விரிச்சு அண்ணன் காருக்கு அடியில படுத்தாரு. பழைய டியூப்பப் புடிச்சு இழுத்தா, நமுத்துப்போன முறுக்கு மாதிரி இழுபட்டு, நுனியெல்லாம் வெடிச்சிருக்கு. வெளிய ஒரு சொட்டு ஒழுகல. ஆனா ஏத்தத்துல பம்ப் இழுக்க இழுக்க, அந்த வெடிப்பு வழியாத்தான் காத்து உள்ள போயிருக்கு. டீசல் போற டியூப், மிச்சம் திரும்பி வர்ற டியூப், கிளிப்பு... எல்லாத்தையும் புதுசாப் போட்டோம்.

அப்புறம் காத்த எடுக்கணும். அண்ணன் ஸ்க்ரூவக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் புடிச்சிக்க, கைப்பம்ப அமுக்கினது நான்தான். "அமுக்கு... அமுக்கு... நுரை வருது, விட்றாத..." பெருவிரல் கொப்புளிச்சுப் போச்சு. கடைசியில நுரையெல்லாம் அடங்கி, டீசல் சுத்தமா வந்துச்சு. கையில ஒட்டின அந்த வாசம் அன்னைக்கு வந்ததுதான்.

"காத்த எடுத்தாச்சு"ன்னு சித்தப்பா போய்ச் சொல்லியிருக்காரு.

"எந்தக் கோயில்ல எடுத்தாங்க?"ன்னு அந்தம்மா கேட்டிருக்காங்க.

சித்தப்பா கொஞ்சமும் அசரல. "கட்டுகஸ்தோட்டையில." பொய்யில்லையே!

அதுக்கப்புறந்தான் திரும்ப வரச் சொன்னாங்க. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா கல்யாணம் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் அம்மா முருகா முருகான்னு முணுமுணுக்கிறாங்க. கார் ஒரு இருமல் இருமணுமே... கடகடன்னு ஏறிருச்சு.

ஆனா நின்னு நின்னு போற கணக்குல வெள்ளெனக் கிளம்பிட்டோமா... நேரத்தோட போய் எறங்கிட்டோம். அங்க யாரும் ரெடியில்ல. ஈரத்தலையோட, பழைய கவுனோட, வாசப்படியில ஒக்காந்து தேங்கா துருவிக்கிட்டு இருந்தாங்க வசந்தி. துருவினதுல ஒரு பிடி வாயில வேற. எழும்பி ஓடுவாங்கன்னு பாத்தா ஓடல. காரப் பாத்தாங்க, அண்ணனப் பாத்தாங்க.

"நிக்காம வந்துருச்சா?"

"டியூப் மாத்தினேன்."

வாயில தேங்காப்பூவோட ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க... அன்னைக்குத்தான் எங்க அண்ணன் பொண்ணு பாத்தாரு.

அண்ணியோட அம்மா கடைசி வரைக்கும், "சக்தியுள்ள கோயில், என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாங்களும் நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டிட்டோம்.

இப்ப அண்ணன்கிட்ட ஹைப்ரிட் கார். மலையேறுறதே தெரியாது. எதுலயும் குறை சொல்றதுக்கில்ல, நல்லாத்தான் இருக்கோம். போன மாசம் அண்ணன் மகனுக்குப் பொண்ணு பாக்க அதுலதான் போனோம். கிளம்பும்போதே லொகேஷன் அனுப்பியாச்சு. எந்த வளைவுல வர்றோம்னு பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் போன்லயே தெரியும். போய் எறங்கும்போது எல்லாரும் பவுடர் கலையாம வாசல்ல நின்னாங்க. பொண்ணும் லட்சணமா, தலை நிமிந்து நல்லாத்தான் பேசிச்சு.

திரும்பி வர்ற வழியில அண்ணி மெதுவாக் கேட்டாங்க.

"நல்ல புள்ளதான்... நாம வர்றது தெரியாம இருந்திருந்தா எப்பிடிச் சிரிச்சிருக்கும்?"